நாரான்ஹா, லரான்ஜா, போர்த்தொகலா, பொமரான்ச்சா: எல்லாம் ஒரே பழம்தானா?

ஓத்ராக்கரை

எல்லாருக்கும் வணக்கம். போலந்துல வ்ரோத்ஸ்வாஃப் ஊர்ல முதுகலை படிக்கிறேன். வாடகை வீட்டுல நாலு பேர்: ஒரு போர்ச்சுகல் பையன், ஒரு ஸ்பெயின் பொண்ணு, ஒரு ருமேனியா பையன், அப்புறம் நான். நேத்து காலையில பிரிட்ஜ்ல இருந்த ஜூஸ் டப்பாவை யார் காலி பண்ணினதுன்னு சண்டை. சண்டை முடியறதுக்குள்ள அது மொழிச் சண்டையா மாறிடுச்சு.

டப்பா மேல "ஸோக் பொமரான்ச்சோவி"ன்னு போட்டிருக்கு. ஸோக்னா சாறு. பழத்துக்குப் போலிஷ்ல பொமரான்ச்சா. ஸ்பெயின் பொண்ணு "நாரான்ஹா"ங்கிறா, போர்ச்சுகல் பையன் "லரான்ஜா"ங்கிறான். இது ரெண்டும் பங்காளிங்கன்னு காதுக்கே தெரியுது. ருமேனியாக்காரன் மட்டும் "போர்த்தொகலா"ன்னான். உடனே போர்ச்சுகல்காரன், "டேய், அது எங்க நாட்டுப் பேருடா"ன்னு விழுந்து விழுந்து சிரிக்கிறான்.

என் கேள்வி: ருமேனியனும் லத்தீன் வழி வந்த மொழிதானே, அது மட்டும் ஏன் தனி ரூட்ல போச்சு? போலிஷ் ஸ்லாவிய மொழி, லத்தீன் குடும்பமே இல்ல. அதுக்குள்ள இந்த "ரான்ச்சா" எப்படி வந்து உக்காந்துச்சு? முன்னாடி நிக்கிற அந்த "பொம" யாரு?

விவரம் தெரிஞ்சவங்க சொல்லுங்க. ஜூஸைக் குடிச்சது நான்தான், அது வேற விஷயம்.

ஏட்டுச்சுரைக்காய்

தம்பி, நல்ல இடத்தில் கை வைத்திருக்கிறீர்கள். இந்தச் சொல் கடந்த தூரத்தை வேறு எந்தப் பழத்தின் பெயராவது கடந்திருக்குமா என்பது சந்தேகம்தான்.

சமஸ்கிருதத்தில் நாரங்க. பாரசீகத்தில் நாரங். எழுத்து அரபியில் அந்தக் கடைசி 'g' ஒலி கிடையாது, அதனால் நாரஞ்ச். அரபியர்கள் இந்த மரத்தை மத்தியதரைக் கடல் ஓரங்களில், குறிப்பாகச் சிசிலியிலும் தெற்கு ஸ்பெயினிலும் நட்டார்கள். பழத்தோடு பெயரும் வேர்விட்டது. ஸ்பானியம் அதைக் கிட்டத்தட்ட அப்படியே வைத்துக்கொண்டு நாரான்ஹா என்கிறது. போர்ச்சுகீசியத்தில் ஒரே சொல்லில் இரண்டு 'ந' வகை ஒலிகள் மோதிக்கொள்வதால் முதலாவது 'ல'வாகி லரான்ஜா ஆனது. நம் இலக்கணப்படி முதற்போலி என்று வைத்துக்கொள்ளுங்கள்.

இத்தாலியத்தில்தான் கூத்து. அங்கே இப்போது அரான்ச்சா. முதலில் இருந்த 'ந' எங்கே போனது? "ஒரு" என்பதற்கு இத்தாலியத்தில் 'ஊனா'. 'ஊனா நரான்ச்சா' என்று வேகமாகச் சொல்லிப் பாருங்கள். 'ந' முதல் சொல்லின் வாலா, அடுத்த சொல்லின் தலையா என்று பிரிக்க முடியாது. கேட்டவர்கள் அதை வாலோடு சேர்த்துப் பிரித்துவிட்டார்கள். 'ஊன் அரான்ச்சா' என்றாகிவிட்டது. இலக்கண வகுப்பில் "செம்பொன்பதின்றொடி" படித்தவர்களுக்கு இது புரியும்: செம்பு ஒன்பதின் தொடியா, செம்பொன் பதின் தொடியா? தங்கமா செம்பா என்பதே பிரிக்கிற இடத்தைப் பொறுத்தது. இத்தாலியர்கள் பிரித்ததில் ஒரு மெய் தொலைந்தது, அவ்வளவே. வெனிஸ் வட்டார மொழியில் அது தொலையவில்லை. அங்கே இன்றும் நரான்சா.

பிரெஞ்சில் 'ந' போனதோடு முதல் உயிரும் மாறி ஒரான்ஜ் ஆனது. பிரெஞ்சில் 'ஓர்' என்றால் பொன். பொன்னிறப் பழம், பெயரிலும் பொன் ஒட்டிக்கொண்டது என்பது வழக்கமான விளக்கம். லத்தீன் எழுதியவர்களும் சும்மா இருக்கவில்லை. பொன்னுக்கு லத்தீனில் 'அவுரும்', எனவே பழத்தை 'அவுரான்தியும்' ஆக்கினார்கள். 1753-ல் லின்னேயஸ் தாவரங்களுக்குப் பெயர் சூட்டியபோது அந்த வடிவம்தான் சிட்ரஸ் அவுரான்தியும் என்று நிலைத்தது.

இனி உங்கள் "பொம". லத்தீனில் 'போமும்' என்றால் பழம். அதிலிருந்து இத்தாலிய 'போமோ', பிரெஞ்சு 'பொம்' (இது ஆப்பிளாகச் சுருங்கிவிட்டது). புதிதாக எந்த உருண்டைப் பழம் வந்தாலும் "இன்ன ஆப்பிள்" என்பது ஐரோப்பிய வழக்கம். பழைய பிரெஞ்சிலேயே 'பொம் தொரான்ஜ்' உண்டு. போமோவும் அரான்ச்சாவும் சேர்ந்த கூட்டுச்சொல் இத்தாலியிலிருந்து வடக்கே ஏறியது. ஜெர்மனில் பொமரான்ட்ஸே, செக்கில் பொமெரான்ச், போலிஷில் பொமரான்ச்சா. இத்தாலியர்கள் பின்னால் 'போமோ'வைக் கழற்றிவிட்டார்கள். போலந்துக்காரர்கள் வாங்கியதை வாங்கியபடியே வைத்திருக்கிறார்கள்.

திண்ணைப்பேச்சு

அப்போ எங்க பக்கத்து வீட்டு பொமரேனியன் நாயும் ஆரஞ்சு நிறம்தான். அதுக்கும் இதுக்கும் சம்பந்தம் உண்டா சாமி? 😀

ஏட்டுச்சுரைக்காய்

இல்லை ஐயா. அது பொமரேனியா என்ற பால்டிக் கடலோரப் பகுதியிலிருந்து வந்த பெயர். போலிஷில் 'போமோஜே'. 'மோஜே' என்றால் கடல், 'போ' என்றால் ஓரமாக. நெய்தல் நிலத்து நாய். பழத்தோடு ஒட்டும் இல்லை, உறவும் இல்லை.

மலையாளக்கரை

நாகர்கோவில் பக்கம் வளர்ந்தவன் என்ற முறையில் ஒரு வார்த்தை. மலையாளத்தில் எலுமிச்சையைச் செறுநாரங்ஙா, ஆரஞ்சை மதுரநாரங்ஙா என்பார்கள். வெறும் நாரங்ஙா என்று பொதுவாகவும் சொல்வார்கள். நம் பக்கம் நாரத்தை, நாரத்தங்காய். அந்த நீளமான சொல் முழுக்கச் சுற்றி ஸ்பெயின் போகிறதென்றால் புறப்பட்ட வாசல் நம் கொல்லைப்புறம் இல்லையா?

இன்னொன்றையும் கவனியுங்கள். மலையாளத்தில் காய்ப் பெயர்கள் தேங்ஙா, மாங்ஙா, வழுதனங்ஙா என்று முடியும். இந்த 'ங்ஙா' நம் '-ங்காய்' தேய்ந்த வடிவம். நாரங்க என்ற சொல்லின் வாலிலும் அதே 'காய்' தொங்குவது போல இல்லையா?

திண்ணைப்பேச்சு

முடிஞ்சுது! நறுமணம் உள்ள காய், நறுங்காய், நாரங்காய், நாரான்ஹா. ஸ்பெயின் பொண்ணுகிட்டப் போய்ச் சொல்லு தம்பி, "நீ காலையில குடிக்கிறது தமிழ்"னு.

ஏட்டுச்சுரைக்காய்

கொஞ்சம் பொறுங்கள். சமஸ்கிருத நாரங்க திராவிடத்திலிருந்து எடுக்கப்பட்டிருக்கலாம் என்று பல அகராதிகளே எழுதுகின்றன. மலையாளக்கரை சொன்ன வால் வாதமும் பலமானதுதான். ஆனால் "இருக்கலாம்" என்பதற்கும் "முடிஞ்சுது" என்பதற்கும் நடுவில் ஒரு ஆறு ஓடுகிறது. நாரங்க என்று வெளியிலிருந்து வந்த சொல்லையே மலையாளம் தன் 'ங்ஙா' வரிசையில் உட்காரவைத்திருந்தாலும் விளைவு இதே மாதிரிதான் தெரியும். 'நறு' என்பதன் குறில் 'நார'வில் ஏன் நெடிலானது என்பதற்கும் பதில் வேண்டும்.

மாங்காய்க் கதை இப்படி இல்லை. 1498-ல் வாஸ்கோ ட காமா கோழிக்கோட்டுப் பக்கம் வந்து இறங்கிய பிறகு போர்ச்சுகீசியர்கள் கடற்கரையில் நேராகக் கேட்டு எழுதிக்கொண்ட சொல் 'மாங்கா'. அது போர்ச்சுகீசிய 'மங்கா' ஆகி, அங்கிருந்து பல மொழிகளுக்கும் போய், போலிஷில் 'மங்கோ'வாக நிற்கிறது. வாங்கியவர், விற்றவர், துறைமுகம் எல்லாம் கண்முன் இருக்கிறது. நாரங்கத்துக்கு நடுவே பல நூற்றாண்டுகளும் மூன்று மொழிகளும் கிடக்கின்றன. மாம்பழத்துக்குப் பத்திரம் இருக்கிறது. நாரத்தைக்கு அனுபோக பாத்தியதைதான்.

திண்ணைப்பேச்சு

அனுபோக பாத்தியதை போதும் சாமி. கோர்ட்ல அதுவும் செல்லும்.

கப்பல்கூலி

நாலு வருஷம் சரக்குக் கப்பலில் இருந்தவன். போர்த்தொகலா கேள்விக்கு யாரும் பதில் சொல்லலையே, நான் சொல்றேன்.

பழம் ஒண்ணு இல்ல, ரெண்டு. அரபியர்கள் கொண்டுவந்தது கசப்பு ஆரஞ்சு. செவில் நகரத் தெருவெல்லாம் அந்த மரம்தான். பறிச்சு அப்படியே தின்ன முடியாது, கார்டோபாவில் பழைய மசூதி முற்றத்துக்குப் பேரே நாரான்ஹோ மரங்களின் முற்றம். தின்னக்கூடிய இனிப்பு ஆரஞ்சு ஐரோப்பாவில் பரவியது அதற்குப் பல நூறு வருஷம் கழிச்சு, 15-ம் 16-ம் நூற்றாண்டுகளில். அதில் பெரிய பங்கு போர்ச்சுகல் வியாபாரிகளுடையது. ஏற்கெனவே நாரங்கப் பேர் புழங்குற ஸ்பெயின்காரன் புதுப் பழத்துக்கும் பழைய பேரையே வச்சுக்கிட்டான். கிழக்கு மத்தியதரைக் கடல் பக்கம் அப்படி இல்ல. "போர்ச்சுகல் பழம் வந்திருக்கு" என்றே கூவி வித்திருக்காங்க. கிரேக்கத்தில் போர்டோகாலி, துருக்கியில் போர்டகால், அரபியில் புர்துகால், பாரசீகத்தில் போர்தெகால். ருமேனியா துருக்கி, கிரேக்கச் சந்தையோடு ஒட்டிக் கிடந்த நாடு. அந்தச் சந்தைப் பேர்தான் போர்த்தொகலா. மொழி லத்தீனாக இருந்தாலும் பழம் வந்த கப்பல் வேற.

வேடிக்கை பாருங்க, பாரசீகத்தில் இன்னும் ரெண்டு பேரும் இருக்கு: கசப்பு நாரெஞ்ச், இனிப்பு போர்தெகால். ருமேனியனிலும் கசப்புப் பழத்துக்கு 'நராம்சா' என்று ஒரு பழைய சொல் உண்டு. அதாவது ஓத்ராக்கரை தம்பியோட ருமேனியா நண்பனும் பங்காளிதான், சொத்து பிரிச்சுக்கிட்டுப் போனவன். தெற்கு இத்தாலி நேப்பிள்ஸ் பேச்சிலும் ஆரஞ்சு 'புர்த்துவால்லோ'தான், அதுவும் போர்ச்சுகல்தான்.

நமக்கு இது புதுசா? முசம்பி என்கிறோமே, அது மொசாம்பிக்.

இன்னொரு சேதி. போர்ட்டோ ரிக்கோவில் கடையில் ஆரஞ்சு ஜூஸ் வேணும்னா 'ஹூகோ தே சீனா' என்று கேக்கணும். சீனா என்றால் இனிப்பு ஆரஞ்சு. நாரான்ஹா என்று கேட்டால் கசப்புப் பழத்தைத்தான் நினைப்பாங்க. ஒரே ஸ்பானிய மொழிக்குள்ளேயே இந்த மாதிரி.

ஏட்டுச்சுரைக்காய்

கப்பல்கூலி ஐயாவுக்கு நன்றி. ஏட்டில் இதை இவ்வளவு தெளிவாகப் படித்ததில்லை. ஒரு சிறு சேர்க்கை: ஸ்பெயினின் கத்தலான் மொழியில் ஆரஞ்சு 'தரோன்ஜா'. நாரங்க வடிவம் இல்லை. அரபியில் கடாரநாரத்தை வகைக்கு 'துருஞ்சா' என்ற பெயர் உண்டு. கத்தலான்காரர்கள் அந்தப் பெயரை எடுத்து இந்தப் பழத்துக்கு வைத்துவிட்டார்கள். அதே துருஞ்சா ஸ்பானியத்தில் 'தொரோன்ஹா' ஆகி, பல நாடுகளில் கிரேப் ஃபுரூட்டைக் குறிக்கிறது. பெயர்கள் பழங்களுக்குள் இடம் மாறி உட்கார்ந்த கதையை எழுதினால் தனி இழை வேண்டும்.

லாஷப்பல்_அக்கா

நான் பாரிசில இருபது வருசமா இருக்கிறன், பிள்ளையளுக்குப் பின்னேரத்தில பிரெஞ்சுப் பாடம் சொல்லிக் குடுக்கிறனான். இந்தச் சொல்லால நான் பட்ட பாடு சொல்லி மாளாது.

பிரெஞ்சில நிறச்சொல் பெயரோட ஒத்துப் போகவேணும். பச்சைச் சட்டையள் எண்டால் பச்சைக்கும் பெண்பால், பன்மை விகுதி எழுதவேணும். ஆனா ஒரான்ஜ் நிறத்துக்கு ஒண்டும் போடக்கூடாது. ஏனெண்டால் அது நிறம் இல்லை, பழம். "ஆரஞ்சு மாதிரியான சட்டையள்" எண்ட கணக்கு. பழம் ஒண்டுதானே, சட்டை எத்தனை எண்டாலும்? பிள்ளையளுக்கு இதை விளங்கப்படுத்தினால், "அப்ப ரோஸ் மட்டும் ஏன் ஒத்துப் போகுது, அது பூ இல்லையோ?" எண்டு கேப்பினம். சரியான கேள்வி. ரோஸ் விதிவிலக்கு, மனப்பாடம் செய் எண்டு சொல்லிப்போட்டு தேத்தண்ணி போட எழும்பிப் போயிடுவன்.

பெடியன் ஒருக்கா என்னட்டக் கேட்டவன், ஒரான்ஜ் எண்ட ஊரில இருந்தோ இந்தப் பழம் வந்தது எண்டு. தெற்கு பிரான்சில அந்தப் பேரில ஊர் இருக்கு, ரோமர் காலத்து நாடகமேடை இண்டைக்கும் நிக்குது. அந்த ஊரின்ரை பழைய பேர் அராவுசியோ, அது பழத்துக்கு முந்தினது. தேய்ஞ்சு தேய்ஞ்சு வந்து பழத்தின்ரை பேரில முட்டிக்கொண்டது. அந்த ஊர்ப் பட்டம் ஒல்லாந்து இளவரசர் வில்லியம் குடும்பத்துக்குப் போய், அதால ஒல்லாந்துக்காரர் இண்டைக்கும் ஆரஞ்சுச் சட்டையோட பந்து விளையாடினம்.

எங்கட ஊரில நாங்கள் தோடம்பழம் எண்டுதான் சொல்லுறது. உங்கட நாரங்கச் சண்டையில எங்களைச் சேர்க்காதேங்கோ.

ஓத்ராக்கரை

அக்கா, நீங்க சொன்ன ஊர் விஷயம் இங்க அருமையா பிரிஞ்சு கிடக்கு. போலிஷ்ல அந்த இளவரசர் குடும்பத்துக்கு 'ஒரான்ஸ்கி', பழத்துக்கும் நிறத்துக்கும் பொமரான்ச்சா. பிரெஞ்சுல ரெண்டும் முட்டிக்கிட்டது, இங்க முட்டவே வழி இல்ல. ஆனா ஒல்லாந்து ஃபுட்பால் டீமை மட்டும் 'பொமரான்ச்சோவி'ன்னே எழுதுறாங்க.

பலெர்மோக்காரன்

அக்காவுக்கு வணக்கம். நான் சிசிலியில், பலெர்மோவில் இருக்கிறன். எங்கட ஆக்கள் இஞ்ச நல்லாவே இருக்கினம், அது உங்களுக்குத் தெரியும்.

இஞ்ச இந்தச் சொல்லாலை ஊருக்கு ஊர் சண்டை. சோற்றை உருட்டி, உள்ளுக்கு இறைச்சியும் பட்டாணியும் வைச்சு, தூளில் பிரட்டி எண்ணெயில் பொரிச்ச உருண்டை ஒண்டு இருக்கு. பார்க்க ஆரஞ்சுப் பழம் மாதிரி. பலெர்மோவில் அது 'அரான்ச்சினா', பெண்பால். கத்தானியாவில் 'அரான்ச்சினோ', ஆண்பால். மாறிச் சொல்லிப் பாருங்கோ, கடைக்காரன் முகத்தைப் பார்க்கேலாது.

காரணம் இலக்கணம். இத்தாலியத்தில மரம் ஆண், பழம் பெண். மரம் அரான்ச்சோ, பழம் அரான்ச்சா. ஆப்பிளுக்கும் அப்பிடித்தான், மரம் மேலோ, பழம் மேலா. உருண்டை மரம் மாதிரியோ இருக்கு? பழம் மாதிரி. அப்ப பெண்பால்தானே சரி எண்டு பலெர்மோக்காரர் வாதம். கத்தானியாக்காரர் விடுவினமோ? சிசிலிப் பேச்சில பழத்தையே 'அரான்ச்சு' எண்டு ஆண்பாலில சொல்லுறது வழக்கம், நாங்கள்தான் சரி எண்டுவினம். புளோரன்சில இருக்கிற குருஸ்கா அகாடமி, இத்தாலிய மொழிக்கு நாட்டாமை மாதிரி, ரெண்டும் செல்லும் எண்டு தீர்ப்புச் சொல்லிப்போட்டுது. தீர்ப்பை ஆரும் மதிக்கேல்லை.

ஏட்டுச்சுரைக்காய்

அருமை. இந்த மர-பழ வேறுபாடு லத்தீனிலேயே உண்டு, ஆனால் வேறு கணக்கில்: மரம் பெண்பால், பழம் அலிப்பால். அலிப்பால் மறைந்தபோது அதன் பன்மை வடிவம் '-ஆ' என்று முடிந்ததால் பெண்பால் ஒருமையாகிவிட்டது. பழம் பெண்ணாக மாறிய பிறகு, மரம் எதிர்ப்பக்கம் போய் ஆணானது. ஸ்பானியத்திலும் மரம் நாரான்ஹோ, பழம் நாரான்ஹா. போர்ச்சுகீசியமும் பிரெஞ்சும் மரத்துக்கு விகுதி சேர்த்து லரான்ஜெய்ரா, ஒரான்ஜே என்று வழி கண்டுகொண்டன.

கணக்குப்பிள்ளை

மொழி ஆராய்ச்சி எனக்குத் தெரியாது, தணிக்கை வேலை தெரியும். பிரேசில் கம்பெனிக் கணக்கு ஒன்றைப் பார்த்தபோது அங்கிருந்த செய்திகளில் 'லரான்ஜா' என்ற சொல் திரும்பத் திரும்ப வந்தது. லஞ்ச வழக்குச் செய்தியில் ஆரஞ்சுப் பழத்துக்கு என்ன வேலை என்று குழம்பிப்போனேன். பிறகுதான் புரிந்தது: பிரேசிலில் லரான்ஜா என்றால் பினாமி! சொத்து யாருடையதோ, பெயர் யாருடையதோ, அந்தப் பெயருக்குரிய அப்பாவிதான் ஆரஞ்சுப் பழம். பிழிந்துவிட்டுத் தோலை எறிவது போல என்று நானாக நினைத்துக்கொண்டேன். அகராதி சொல்லும் காரணமில்லை இது, என் காரணம்.

ஓத்ராக்கரை

ஐயா, உடனே போய் ரூம்ல கேட்டேன். "எங்க ஊர்ல அப்படிச் சொல்ல மாட்டோம், அது பிரேசில்காரங்க வேலை"ன்னு கை கழுவிட்டான் போர்ச்சுகல் பையன். ஸ்பெயின் பொண்ணு தன் பங்குக்கு ரெண்டு சொன்னா. 'மெதியா நாரான்ஹா', பாதி ஆரஞ்சுன்னா வாழ்க்கைத் துணை. 'நாரான்ஹாஸ் தே லா சீனா', சீனத்து ஆரஞ்சுகள்னா "நடக்கிற கதையா பேசு". ஒரே பழத்துல கல்யாணமும் இருக்கு, கைவிரிப்பும் இருக்கு.

இப்ப போலிஷ் பக்கம் நான் பார்த்ததைச் சொல்றேன்.

முதல்ல ஜூஸ் டப்பா. நாலு நாட்டு டப்பாவையும் பக்கத்துல வச்சுப் பாத்தா இலக்கணமே வேற வேற. பிரெஞ்சு, இத்தாலியன், ஸ்பானியம், போர்ச்சுகீசியம் எல்லாத்துலயும் "ஆரஞ்சின் சாறு", பழம் ஒருமைல. ருமேனியன்ல 'சுக் தே போர்த்தொகாலே', பன்மை: "ஆரஞ்சுகளின் சாறு". ஒரு டம்ளருக்கு மூணு பழம் பிழியணும், ருமேனியாக்காரன் கணக்கு நேர்மை. போலிஷ்ல பழத்தைப் பெயரெச்சம் மாதிரி மாத்திடுறாங்க: பொமரான்ச்சோவி. அதுவும் அடுத்து வர்ற பேரோட பாலுக்கு ஏத்த மாதிரி பொமரான்ச்சோவா, பொமரான்ச்சோவெ ஆகும். ஆனா நீங்களே பழத்தைப் பிழிஞ்சா 'ஸோக் ஸ் பொமரான்ச்சி'ன்னு சொல்லலாம், "ஆரஞ்சிலிருந்து எடுத்த சாறு".

அப்புறம் வேற்றுமை. நமக்கு எட்டு, போலிஷுக்கு ஏழு. பொமரான்ச்சா எழுவாய். பொமரான்ச்சென் செயப்படுபொருள். பொமரான்ச்சி உடைமை. பொமரான்ச்சோன் "ஆரஞ்சோடு". வந்த புதுசுல கூடப் படிக்கிறவங்க தலையில அடிச்சுக்கிட்டாங்க. எனக்கு மட்டும் ஐ, ஆல், குன்னு போட்டுப் பாத்துப் பழகிடுச்சு. பத்தாங்கிளாஸ் தமிழ் மிஸ் நினைவுக்கு வந்தாங்க.

மூணாவது, இதுதான் எனக்குப் பிடிச்சது. போலிஷ்ல பொமரான்ச்சா இத்தாலிப் பக்கத்துச் சொல்லுன்னு மேல சொன்னாங்க. ஆனா அதே சொல் இன்னொரு தடவை பிரெஞ்சு வழியாவும் உள்ள வந்திருக்கு. 'ஒரான்ஜாதா'ன்னு ஒரு சோடா கிடைக்கும். சிவப்பா இருக்கும், இல்லைன்னா நிறமே இருக்காது. ஆரஞ்சுச் சாறு பேருக்குக்கூடக் கிடையாது. நம்ம ஊரு கலர் மாதிரின்னு வச்சுக்கோங்க. வார்சாவுல வில்லானோஃப் அரண்மனைல குளிர்காலத்துல ஆரஞ்சு மரங்களை வைக்கிற கண்ணாடி மண்டபத்துக்கு 'ஒரான்ஜெரியா'ன்னு பேரு. அதே ஊர்ல வாஜியென்கி பூங்காவுலயும் அப்படி ஒரு மண்டபம். மெர்லினின்னு ஒரு கட்டடக் கலைஞர் 1786 முதல் 1788 வரை கட்டினது, உள்ள நாடக அரங்கமும் இருக்கு. அதுக்குப் பேரு 'ஸ்தாரா பொமரான்ச்சார்னியா', பழைய ஆரஞ்சுக்கூடம். ஒரே நகரம், ஒரே வேலைக்கான கட்டடம். ஒரு பலகைல பிரெஞ்சு வழி வந்த சொல், இன்னொரு பலகைல இத்தாலி வழி வந்த சொல்.

ஏட்டுச்சுரைக்காய்

சபாஷ். இத்தாலித் தொடர்பு என்றால் 1518-ல் போலந்து மன்னரை மணந்து வந்த போனா ஸ்ஃபோர்ட்சாவைச் சொல்லாமல் முடியாது. இத்தாலியக் காய்கறிகளை எல்லாம் அவர்தான் கொண்டுவந்தார் என்பது அங்கே ஊரறிந்த கதை. கதையில் மிகை இருந்தாலும் சொற்கள் சாட்சி சொல்கின்றன: காலிஃபிளவர் 'கலாஃபியோர்', தக்காளி 'பொமிதோர்' (இத்தாலியத்தில் பொன் ஆப்பிள், உங்கள் "பொம" மறுபடியும்!). சூப்புக்குப் போடும் கேரட், செலரி, லீக் கட்டுக்கு 'வ்வொஷ்ச்சிஸ்னா' என்று பெயர். இத்தாலிக்குப் போலிஷில் 'வ்வோஹி'. ஆக அந்தக் கட்டின் பெயரே "இத்தாலிச் சமாச்சாரம்".

உக்ரைன் மொழியிலும் பொமரான்ச் என்ற சொல் உண்டு, போலிஷ் வழி. 2004 புரட்சியின் பெயரில் இருப்பது அந்தச் சொல்தான். கிழக்கே ரஷ்யனுக்குப் போனால் 'அபெல்சின்', "சீனத்து ஆப்பிள்" என்ற டச்சு, ஜெர்மன் வழக்கு. போர்ட்டோ ரிக்கோவும் ரஷ்யாவும் சீனாவில் வந்து சந்திக்கின்றன.

திண்ணைப்பேச்சு

வ்ரோத்ஸ்வாஃப்ல தெருவெல்லாம் குள்ளன் பொம்மை இருக்குமாமே, அதுக்கும் ஆரஞ்சுக்கும் சம்பந்தம்னு எங்கயோ கேள்விப்பட்டேன். இதுக்கும் "இல்லை ஐயா"ன்னு சொல்லிடாதீங்க.

ஓத்ராக்கரை

இதுக்கு "ஆமா ஐயா"! 1980-கள்ல கம்யூனிஸ்ட் ஆட்சிக்கு எதிரா சுவத்துல எழுதினா போலீஸ் வந்து பெயின்ட் அடிச்சு மறைக்கும். அந்த பெயின்ட் திட்டு மேல பசங்க குள்ளன் படம் வரைவாங்க. அந்தக் கும்பலுக்குப் பேரு 'பொமரான்ச்சோவா ஆல்தெர்னாதீவா', ஆரஞ்சு மாற்று. தலைவர் வால்தெமார் ஃபித்ரிஹ், "மேஜர்"னு கூப்பிடுவாங்க. 1988 ஜூன் 1-ம் தேதி ஆயிரக்கணக்கான பேர் ஆரஞ்சுக் குல்லா போட்டுக்கிட்டு எங்க ஊர் ஸ்விட்னிட்ஸ்கா தெருவுல ஊர்வலம் போயிருக்காங்க. குள்ளன் வேஷம் போட்டவனை எந்தச் சட்டத்துல கைது பண்றது? 2001-ல அந்தத் தெருவுல ஒரு குள்ளன் சிலை வச்சாங்க. மத்த பொம்மையெல்லாம் அதுக்குப் பின்னாடி வந்தது.

மலையாளக்கரை

சொல் ஆராய்ச்சி போதும், ஒரு வீட்டுக் கேள்வி. அங்கே பழம் எங்கிருந்து வருகிறது? போலந்தில் மரம் வளராதே.

ஓத்ராக்கரை

இப்ப ஸ்பெயின்ல இருந்து லாரில வருது, வருஷம் முழுக்கக் கிடைக்கும். முன்னாடி அப்படி இல்ல. வீட்டுக்காரப் பாட்டிகிட்ட இன்னிக்குக் காலையில கேட்டேன். அவங்க சின்ன வயசுல கிறிஸ்துமஸுக்கு முன்னாடி மட்டும்தான் ஆரஞ்சைப் பாப்பாங்களாம். கியூபாவுல இருந்து கப்பல் கிளம்பிடுச்சு, நெருங்கிடுச்சுன்னு செய்தியில சொல்வாங்களாம். அப்புறம் க்யூ. ஒரு வீட்டுக்கு இத்தனை கிலோன்னு அளவு. தோலைக்கூட எறிய மாட்டாங்களாம், சர்க்கரைல போட்டு வச்சு கேக்குக்குப் பயன்படுத்துவாங்க. "எனக்கு பொமரான்ச்சா வாசனைன்னா டிசம்பர்"னாங்க.

அப்புறம் கேட்டாங்க, "உங்க மொழியில இதுக்கு என்ன பேரு?"

இந்த இழையெல்லாம் மனசுல ஓடுது. நாரத்தை, நாரங்காய், பாரசீகம், அரபி, வெனிஸ்... வாயைத் தொறந்தா வந்தது "ஆரஞ்சு".

பாட்டி முகம் மலர்ந்துச்சு. "ஓ, ஒரான்ஜாதா மாதிரியா!"ன்னாங்க.

நாரத்தைன்னு சொல்லியிருக்கலாம். ஆனா அது ஊறுகாய் போடுற வேற காய்னு விளக்கணும், என் போலிஷ் இன்னும் அவ்வளவு தூரம் வரல.

லாஷப்பல்_அக்கா

தோடம்பழம் எண்டு சொல்லியிருந்தால் மனிசிக்கு ஒரு புதுச் சொல்லாவது கிடைச்சிருக்கும். அடுத்தமுறை சொல்லு தம்பி.